மூன்றாம் நம்பர் கெமரா

கல்முனைக்குடியில் றமீஸ் கெமரா பூட்டாத கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரதான வீதியில் புடவைக்கடை, நகைக்கடை, பார்மசி, உள்ளே போனால் கோழிக்கடை, கடற்கரைப் பக்கம் போனால் ஐஸ் கட்டி விற்கிற இடம். எங்கே தலையை நிமிர்த்தினாலும் மூலையில் ஒரு வெள்ளைக் கூடு தொங்கிக்கொண்டு உங்களையே பார்க்கும். அதன் கீழே றமீஸின் போன் நம்பர் ஒட்டியிருக்கும். "றமீஸ்ர கண்ணுக்குத் தப்பி ஈயும் இறைச்சியில குந்தாது" என்று சந்தை இறைச்சிக்கடைக்காரர் சொல்லித் திரிந்தார். அந்தப் பேச்சு றமீஸுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒல்லி ஆள். ஓட்டோவின் கூரையில் எப்போதும் ஒரு ஏணி கட்டியிருக்கும். வாப்பா கடலுக்குப் போனவர். மகனாவது கரையிலே நின்று கௌரவமாகச் சாப்பிடட்டும் என்று ஒலுவில் கம்பஸுக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்க வைத்தார். றமீஸ் படித்து முடித்தார், பட்டமும் கிடைத்தது, வாத்தியார் வேலை மட்டும் வரவில்லை. மூன்று வருடம் பார்த்துவிட்டுக் கட்டாருக்குப் போய், கட்டடம் கட்டடமாகக் கெமரா பூட்டப் பழகிக்கொண்டு வந்தார். ஊர் அவரை வாத்தியார் என்று கூப்பிடவில்லை, கெமரா றமீஸ் என்று கூப்பிட்டது. அவருக்கு அதில் பெரிய குறை இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பஸில் படித்தவற்றில் ஒரே ஒரு பாடம்தான் அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வந்தது. அமெரிக்க நாவல்கள் படிப்பித்த மெடம் ஒருவர் ஒரு கதையைச் சொன்னார். கோதுமை விளைகிற ஓர் ஊர். ஊர் நடுவே மூடிப்போன மா ஆலை. அதன் சுவரில் எந்தக் காலத்திலோ விளம்பரத்துக்கு வரைந்த ஒரு குழந்தையின் முகம். வெயிலிலும் பனியிலும் கன்னம் உரிந்து, வாய் உரிந்து, கண் இரண்டும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. ஊர்த் தேவாலயத்தின் கூரை விழுந்து வருடக்கணக்காகிறது. திருப்பிக் கட்ட ஒருவருக்கும் நேரமில்லை. ஆனால் களவெடுக்கப் போகிறவனும், பெண்சாதிக்குத் தெரியாமல் வேறு வாசல் ஏறப் போகிறவனும் அந்தச் சுவரைத் தாண்டும்போது மட்டும் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். காசு பெருகி நம்பிக்கை வற்றிப்போன இடங்களில் இப்படி ஒரு சுவரோ பலகையோ மனிதரைப் பார்க்கத் தொடங்கிவிடும், அந்த நாட்டு எழுத்தில் இது திரும்பத் திரும்ப வரும் என்றார் மெடம்.

றமீஸ் அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். "அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இறைவனைத் தொலைத்துவிட்ட ஊர், அவன் இருந்த இடத்தில் ஒரு விளம்பரத்தைத் தொங்கவிட்டிருக்கிறது" என்று முடித்திருந்தார். வகுப்பிலேயே கூடிய புள்ளி அதற்குத்தான். கட்டுரையின் அடியில் மெடம் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "நம்முடைய ஊரில் இந்தக் கதையை எப்படி எழுதுவார்கள்?" றமீஸ் யோசிக்கவே இல்லை. "எங்கட ஊருக்கு இந்தக் கதை பொருந்தாது மெடம், எங்களுக்கு அல்லாஹ் இரிக்கான்" என்று எழுந்து நின்று சொன்னார். வகுப்பு கைதட்டியது. வாய் சொன்னதை நெஞ்சு கேட்டதா என்று அப்போது அவர் கவனிக்கவில்லை.

ஏனென்றால், தொழிலுக்கு இறங்கிய பிறகு அவர் நம்பியது வேறு. பூட்டும்போது தயங்குகிற முதலாளிமாரிடம் அவர் ஒரு வசனம் வைத்திருந்தார்: "ஹாஜியார், இந்தக் காலத்தில மனிசன் பயப்பிடுறது இதுக்கு மட்டுந்தான்." சொல்லிவிட்டு வெள்ளைக் கூட்டை விரலால் தட்டுவார். விற்பனைக்காகச் சொன்னதுதான். ஆயிரம் தடவை சொன்னதில் அதுவே அவருக்கு ஈமான் மாதிரி ஆகிவிட்டது.

அவர் தெருப் பள்ளிவாசலிலும் பதினொரு கெமரா. செருப்புக் களவு கூடிவிட்டது என்று தலைமை மரைக்கார் முகைதீன்பாவா பூட்டச் சொன்னார். மரைக்கார்மார் என்றால் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கிறவர்கள். அவர்களில் முகைதீன்பாவாவின் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. பத்துக் கெமராக்கள் வெளியே. மூன்றாம் நம்பர் மட்டும் உள்பள்ளிக்குள், தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மைக்கையும் அதற்கு மேலே இருந்த மணிக்கூடுகளையும் நேரே பார்த்தபடி.

ஒக்டோபர் மாத இடிமின்னலில் அந்த மூன்றாம் நம்பர் கருகிப்போனது. றமீஸ் கழற்றினார். மாற்றுவதற்கு அந்த ரகம் கையில் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் இடம் வெறுமையாய்க் கிடக்க வேண்டாமே என்று கடைகளுக்கு விற்கிற போலிக் கெமரா ஒன்றை அங்கே பூட்டினார். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் கோது. சிவப்பு லைட் ஒன்று மட்டும் பெற்றரியில் மினுங்கும். "சரியாயிட்டா?" என்று முகைதீன்பாவா கேட்டார். "ஓம் ஹாஜியார், எல்லாம் சரி" என்றார் றமீஸ். கொழும்புச் சாமானை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. பள்ளியில் ஒருவரும் அந்தப் படங்களைப் போட்டுப் பார்க்கவுமில்லை. மற்றவர்களைப் பார்க்க வைத்த கண்ணை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் அவர் கண்டுபிடித்த ஒரு வசதி.

நோன்பு பிறந்தது. பதினோராம் நோன்பன்று பின்னேரம் மப்பு மூடி, மழை தூறி, கரண்டும் போய்விட்டது. மற்றப் பள்ளிகளின் ஸ்பீக்கர்கள் வாய்மூடிக் கிடக்க, பெற்றரியில் ஓடுகிற இந்தப் பள்ளி ஸ்பீக்கரில் மட்டும் அந்தி நேரத்து மஃரிபு பாங்கு கேட்டது. தெரு முழுக்க அந்தப் பாங்குக்கு நோன்பு திறந்தது. றமீஸ் வீட்டிலும்தான். அவர் மனைவி நதீரா கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்துக்கொண்டே, "இண்டைக்கு வெள்ளனச் சொன்ன மாதிரி இரிக்கி, ஒங்களுக்கு அப்பிடி விளங்கல்லயா?" என்று கேட்டாள். றமீஸின் கைக்குப் பக்கத்தில் போன் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. ஆறு பதினொன்று. திறக்க வேண்டிய நேரம் ஆறு பதினாறு. அவர் அதைக் கண்டார். "பாங்கு சொன்னாச் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு ஈச்சம்பழத்தை வாயில் போட்டார்.

மறுநாள் காலையில் தெருவின் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மேற்கே வயலில் நின்ற ஒருவர் போட்டது. நம் பள்ளிப் பாங்கு கேட்டபோது மப்புக்குக் கீழே சூரியன் முழு வட்டமாய்த் தெரிந்தது, வயலுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே பாய்ந்து விழுந்தார்கள். சிலர் சத்தியம் பண்ணினார்கள், சிலர் ஏசினார்கள். சூரியன் அடங்குமுன் திறந்த நோன்பு நோன்பாகாது. ஒரு நாளை எல்லாரும் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒரு தெருவே, அறுநூறு எழுநூறு பேர்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் முகைதீன்பாவா ஆள் அனுப்பி றமீஸைக் கூப்பிட்டார். பள்ளி வாசலில் ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள்.

"தம்பி, கெமராவும் பெற்றரியிலதானே ஓடுது, அந்த மூணாம் நம்பரப் போட்டுப் பாருங்க. மோதினார் பாங்கு சொல்றதும் தெரியும், நேரமும் விழுந்திரிக்கும். ஆறு பதினாறு எண்டு கிடந்தா இந்த வாயெல்லாம் மூடிப்போகும்."

"இல்லாட்டி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இல்லாட்டி மோதினார் மூட்டையக் கட்டிக்கிட்டு பாலமுனைக்குப் போக வேண்டியதான்" என்றார் முகைதீன்பாவா.

பாங்கு சொல்கிற மோதினார் மீராமுகைதீனுக்கு அறுபத்து மூன்று வயது. பாலமுனைக்காரர். மனைவி மௌத்தாகித் தனியாளான பிறகு பள்ளியை ஒட்டிய ஓர் அறைதான் அவருக்கு வீடு. அந்த வேலை போனால் வீடும் போகும். அவர் அங்கே கூட்டத்தில் இல்லை.

கெமராப் பதிவுப் பெட்டி இருந்தது தொழுமுன் ஒழுச் செய்து கை கால் கழுவுகிற ஹவுழுத் தொட்டிக்குப் பக்கத்துச் சின்ன அறையில். பழைய பாய்களும், இறந்தவரின் மையித்தைக் கொண்டுபோகும் சந்தூக்குப் பெட்டியும் அங்கேதான் சாத்தி வைத்திருக்கும். றமீஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திரையில் பத்துச் சதுரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதின் இடம் கறுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியே போய் "ஆறு பதினாறு" என்று சொன்னால் மோதினாரின் வேலை தப்பும், பள்ளியின் பெயர் தப்பும், தெருவுக்கு ஒரு நோன்பு மிச்சம். தன் பொய்யும் புதைந்துபோகும். இதைவிட நல்ல காரியம் ஒரு பொய்யால் நடக்குமா என்றுகூட நினைத்துப் பார்த்தார். மனிதனுக்கு வழக்கறிஞர் வெளியிலிருந்து வரத் தேவையில்லை.

கதவு திறந்தது. மோதினார் நின்றார். கையில் ஒட்டடைக் கம்பு. தோளில் ஈரத்துணி.

"மனே, பெட்டியில தேடாதீங்க. அந்தக் கெமராவக் கிழமைக்கு ஒருக்காத் தொடைக்கிறது நான்தான். உள்ளுக்கு ஒண்டுமில்லாத கோது எண்டு எனக்குத் தெரியும்."

றமீஸ் எழுந்து, அண்ணன் முறை வைத்து அவரைக் கேட்டார். "எப்பயிருந்து தெரியும் காக்கா?"

"நீங்க பூட்டி மற்றக் கிழமையிலிருந்து."

"ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல?"

"ஒங்கட மானத்த நான் ஏன் சந்திக்குக் கொண்டரணும்? நீங்களாச் சரி பண்ணுவீங்க எண்டு இரிந்தன்."

பிறகு மோதினார் தன் கதையைச் சொன்னார். சுவர் மணிக்கூடு எப்போதுமே ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடும். ஹவுழடியில் கதைத்துக்கொண்டு நிற்கிறவர்களை உள்ளே ஓடிவர வைப்பதற்காக எந்தக் காலத்திலோ அப்படி வைத்தார்கள். இருபது வருடம் அவர் அதில் ஐந்தைக் கழித்துத்தான் பாங்கு சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் சிவப்பு எழுத்து மின்னும் டிஜிட்டல் மணிக்கூடு வந்தது, கழிக்கிற பழக்கம் போய்விட்டது. நேற்றுக் கரண்ட் போனதும் அது அணைந்தது. சுவரைப் பார்த்தார், ஆறு பதினாறு, மைக்கைப் பிடித்துவிட்டார். தொழுகை முடிந்த பிறகுதான் நெஞ்சில் அடித்தது. காலையில் மௌலவியிடம் போய்க் கேட்டார். கழாவாக, இன்னொரு நாளில் திருப்பிப் பிடிக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு.

"இப்ப மைக்கில சொல்லப் போறன். அதுக்குத்தான் ஒழுச் செஞ்சிக்கிட்டு வந்தன்" என்றார்.

றமீஸ் அவர் கையைப் பிடித்தார். "காக்கா, பொறுங்க. நான் போய் ஆறு பதினாறு எண்டு சொல்லிர்றன். வயல்ல நிண்ட ஆளுக்குக் கண் சரியில்ல எண்டு போகும். ஒருத்தருக்கும் தெரியாது."

மோதினார் அவரைப் பார்த்தார். கோபமில்லை. பட்டப்பகலில் நின்றுகொண்டு சூரியன் எங்கே என்று கேட்கிற ஒருவனைப் பார்க்கிற பார்வை அது.

"ஒருத்தருக்கும் தெரியாதா, மனே?"

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, உபதேசம் எதுவும் செய்யவில்லை. றமீஸுக்கு உச்சந்தலையிலிருந்து பாதம்வரை மயிர் சிலிர்த்தது. சாத்தியிருந்த கதவு, சுவரோரம் சந்தூக்கு, திரையில் அந்தக் கறுப்புச் சதுரம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அந்த அறையில் தாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று அவருக்குத் திடீரென்று விளங்கியது. சின்ன வயதில் மதறஸாவில் பாடமாக்கிய விசயம்தான்: நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான். ஆயிரம் தடவை ஒப்புவித்திருக்கிறார். அது மெய் என்று அந்த நிமிடம்வரை அவருக்குத் தெரியாது. பயமா, சந்தோசமா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. கோது என்று தெரிந்த ஒரு கண்ணுக்குக் கீழே இந்த மனிதர் ஐந்து மாதம் ஒரு நாளும் பிசகாமல் நடந்திருக்கிறார். தானோ ஊரெல்லாம் கண் வைத்துவிட்டு, ஒருவரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாய் இருந்திருக்கிறார்.

மோதினார் உள்ளே போய் மைக்கைத் தட்டினார். வழக்கமாய் மௌத்து அறிவித்தலுக்கும் காணாமல் போன பிள்ளைகளுக்கும் தட்டுகிற தட்டு.

"அஸ்ஸலாமு அலைக்கும். நேத்து மஃரிபு பாங்க நான் அஞ்சு நிமிசம் முந்திச் சொல்லிட்டன். அந்தப் பாங்குக்கு நோன்பு திறந்த எல்லாரும் ஒரு நோன்பக் கழாப் பிடிக்கணும் எண்டு மௌலவி சொல்லியிரிக்கார். கரண்டுலயும் பிழையில்ல, மணிக்கூட்டுலயும் பிழையில்ல. பிழை என்ட. என்னப் பொறுத்துக்கொள்ளுங்க."

எங்கோ ஒரு வீட்டில் சட்டி விழுந்த சத்தம் கேட்டது. பிறகுதான் வாசலில் இரைச்சல் கிளம்பியது. "அஞ்சு நிமிசத்துக்கு முழு நோன்பா!" என்று ஒருவர் தலையில் கை வைத்தார். முகைதீன்பாவாவின் முகம் சிவந்துவிட்டது. பள்ளியின் மானம் ஸ்பீக்கரில் போனதை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே வந்த றமீஸை நிறுத்தினார்.

"தம்பி, கெமராவில பார்த்தீங்கதானே? இவர் சொல்றது மெய்தானே?"

இப்போது பொய் சொல்லத் தேவைகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. மோதினார் சொன்னது மெய். ஒரு "ஓம்" போதும். ஒருவருக்கும் நட்டமில்லை, ஒருவரும் ஆராயப் போவதில்லை. அந்த ஓம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மோதினார் பள்ளிக்குள்ளிருந்து வெளியே வந்து, றமீஸைப் பார்க்காமல், தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மெய்தான் ஹாஜியார். என்ட போன்லயும் ஆறு பதினொண்டுதான் கிடந்த, கண்டுக்கிட்டேதான் திறந்தன். ஆனா கெமராவில ஒண்டும் பார்க்கல்ல. மூணாம் நம்பர் செத்து அஞ்சு மாசம். அங்க தொங்குறது வெறும் கோது. சரி எண்டு ஒங்களுக்குச் சொன்னது பொய்."

ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் உள்பள்ளியின் மூலையை எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு லைட் ஒன்றுமே நடக்காதது போல மினுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். விடிவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. புடவைக்கடைக்காரர் தன் கெமராவைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்றார். நகைக்கடை வேறு ஆளைப் பிடித்தது. இறைச்சிக்கடைக்காரர் புதிதாய் ஒரு பேச்சுக் கண்டுபிடித்தார், அதை இங்கே எழுத முடியாது. நதீராவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். "கோது பூட்டினதக்கூட விளங்கலாம். அதுக்குச் செவப்பு லைட்டும் போட்டீங்களே, அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள். பிறகு, "சொல்லிட்டீங்கதானே, விடுங்க. கஞ்சி ஆறுது" என்றாள்.

மோதினாரை அனுப்பிவிட வேண்டும் என்று முகைதீன்பாவா மரைக்கார்மாரைக் கூட்டினார். அதற்கு முன்பே தெருப் பெண்கள் முந்திக்கொண்டார்கள். வேறு ஆளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார், நாங்களும் ஒரு நோன்பு குறைந்த கணக்கோடு கபுறுக் குழிக்குப் போயிருப்போம், இவரை அனுப்பினால் இனி எந்தப் பாங்கை நம்பித் திறப்பது என்று நதீராவும் பக்கத்து வீட்டு ஹாஜறாவும் வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். மரைக்கார்மாரின் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வி போய்விட்டது. கூட்டத்தில் முகைதீன்பாவா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அவர் இரிக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். கழா நோன்பை ஆளுக்கொரு நாளாய்ப் பிடிக்காமல், பெருநாள் கழிந்து இரண்டாம் வியாழக்கிழமை தெருவே ஒன்றாகப் பிடிப்பது என்றும் தீர்மானமாயிற்று.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் றமீஸ் ஏணியோடு பள்ளிக்குப் போனார். கொழும்புச் சாமானை எடுக்கவில்லை. உள்பள்ளிக்குக் கெமரா வேண்டாம் என்று முகைதீன்பாவாவே சொல்லியிருந்தார். கோதைக் கழற்றுவதுதான் வேலை. ஸ்குருவெல்லாம் துருப்பிடித்திருந்ததால் சுணங்கிவிட்டது. கழற்றி முடித்துக் கோதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் கீழே பார்த்தார்.

அந்தக் கண் தொங்கிய இடத்திலிருந்து ஒருநாளும் அவர் கீழே பார்த்ததில்லை. திறந்திருந்த கதவுகள் வழியே விறாந்தை முழுக்கத் தெரிந்தது. நூறு பேருக்கு மேல் வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். முன்னால் கஞ்சிக் கோப்பை, ஒவ்வொருவர் விரலிலும் ஒரு ஈச்சம்பழம். நோன்பு மாதமும் இல்லை, ஊருக்கெல்லாம் சாப்பாட்டு நாள். பகல் முழுக்க ஒருவரையும் காவல் காக்க ஆளில்லை. இன்றைக்கு மறைவாய் ஒரு மிடறு தண்ணீர் குடித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? வறண்ட உதடுகளும் வாடின முகங்களுமாய், பழத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு வாய்கூட அசையாமல் இருந்தார்கள். இறைச்சிக்கடைக்காரரும் இருந்தார். நம்முடைய ஊரில் இந்தக் கதையை எப்படி எழுதுவார்கள் என்று மெடம் சிவப்பு மையில் எழுதிய கேள்வி இத்தனை வருடம் கழித்து றமீஸுக்கு நினைவு வந்தது.

மோதினார் மைக்குக்கு முன்னால் நின்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் தனியாக மணி பார்ப்பதில்லை. பக்கத்தில் இன்னொருவர் நேரத்தைச் சொன்னால்தான் பாங்கு சொல்வார். முகைதீன்பாவா போனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகவே பக்கத்தில் வந்து நின்றார். மோதினார் அவரைத் தாண்டி மேலே பார்த்தார்.

"றமீஸ் தம்பி, நேரம் என்ன?"

பள்ளி முழுக்கத் திரும்பி ஏணியைப் பார்த்தது. றமீஸ் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தார். போனைப் பார்த்தார், டிஜிட்டல் மணிக்கூட்டைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு நிமிசம் இரிக்கி, காக்கா."

ஒருவரும் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏணியின் உச்சியில் நின்று அவர் அந்த ஒரு நிமிடத்தை முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.

பாங்கு எழுந்தது. நூறு கைகள் வாய்க்குப் போயின. றமீஸ் மெல்ல இறங்கி வந்து, கோதைச் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் ஓர் இடம் தேடிக் குந்தினார். இறைச்சிக்கடைக்காரர் தன் கையிலிருந்த பழத்தில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினார்.